படத்தின் கொளு: நிழற்படக் கோப்புக்குள் மறைந்திருக்கும் எழுத்து பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

2013 பிப்ரவரியில் அந்த இரண்டு படங்களும் எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தன. நான் அப்போது எம்.ஏ. தமிழ் மாணவன். முதல் படத்தில் ஒரு சிறுவன் மணல்மூட்டைகள் அடுக்கிய பதுங்குகுழியில், தோளில் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் தின்பண்டத்தோடு உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது படத்தில் அதே சிறுவன் மார்பில் குண்டுக் காயங்களோடு தரையில் கிடக்கிறான். பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன், வயது 12. மார்ச் மாதம் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதத்தைத் தொடங்கியதும் தமிழகமெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் கல்லூரியிலும் உட்கார்ந்தோம். நான் பிடித்திருந்த அட்டையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன. நடுவில் நாங்கள் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தோம்.

இன்று யோசித்தால், எல்லாமே அந்த நடுவில்தான் இருந்தது. இரண்டு படங்களும் ஒரே கேமராவில், சில மணிநேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று ஆவணப்பட இயக்குநர் காலம் மெக்ரே தரப்பு சொன்னது. டிஜிட்டல் பட ஆய்வு அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. இலங்கை ராணுவம் மறுத்தது. ஆனால் அந்த 'ஒரே கேமரா, சில மணிநேரம்' என்பது நிலைக்குமானால், சிறுவன் இரு தரப்பு மோதலின் நடுவே சிக்கி இறந்தான் என்ற கதையாடல் சரிந்துவிடும். காவலில் இருந்த குழந்தை கொல்லப்பட்டது என்பது மட்டுமே மிஞ்சும். அதாவது குற்றச்சாட்டை எழுப்பியவை படங்கள் மட்டும் அல்ல. படங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்துதான்.

பந்தலில் பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான்: "டேய், ஒரே கேமராதான்னு எப்படிடா சொல்றாங்க? படத்துல கேமரா தெரியலியே?" எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் லேப்ல பாப்பாங்கடா" என்று சொல்லி வைத்தேன். தாமதமாக எழுதப்படும் பதில் இது.

2

தமிழ் படித்தவனுக்கு இது புதிய விஷயமாக இருந்திருக்கக் கூடாது. புறநானூற்றில் பாட்டு முடிந்ததும் கீழே இரண்டு வரி வரும்: திணை இன்னது, துறை இன்னது, பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார். கொளு என்று வகுப்பில் சொல்வோம். 1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது இவையும் பாட்டோடு சேர்ந்தே அச்சேறின. பாட்டுக்குள் அரசன் பெயர் இல்லாத இடத்திலும் கொளுவில் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைக் கோத்துத்தான் சேர, சோழ, பாண்டியர் வரிசையைக் கட்டினார்கள். கொளு பாட்டின் உடன்பிறப்பா, தொகுத்தவன் பிற்பாடு ஒட்டியதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. பாட்டைவிடக் கொளுவை நம்பி வரலாறு எழுதலாமா என்பதே அதன் சாரம்.

குறுந்தொகையில் இன்னொரு விநோதம். ஆசிரியர் பெயர் தொலைந்துபோன இடத்தில், பாட்டிலிருந்தே ஒரு தொடரை உருவி அதைப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படிப் பிறந்தவர். குறிப்பு அழிந்தால் பிரதியே தன் குறிப்பை ஈன்றுகொள்ள வேண்டியிருக்கிறது.

மெட்டாடேட்டா என்று கணினிக்காரர்கள் சொல்வதை நான் இக்கட்டுரையில் கொளு என்றே அழைக்கிறேன். மொழிப்பற்றினால் அல்ல. கொளுவைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய கேள்விகளை, யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்காக எழுதியது என்பவற்றை, இங்கேயும் கேட்க முடியும் என்பதனால்.

3

நிழற்படத்தின் கொளு கணினியோடு பிறந்ததல்ல. அதற்கு ஒரு போலீஸ் பாரம்பரியம் உண்டு. 1880களில் பாரிஸ் காவல்துறையில் எழுத்தராக இருந்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன், கைதிகளின் தலை, விரல், பாதம் என்று அளவெடுத்து, முன்முகமும் பக்கவாட்டு முகமுமாகப் படமெடுத்து, இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்து, அட்டைகளைத் தேடி எடுக்கத் தோதாக அடுக்கினார். 1986இல் ஆலன் செகுலா எழுதிய 'உடலும் ஆவணக் காப்பகமும்' என்ற கட்டுரையின் முக்கியமான வாதம் இதைப் பற்றியதுதான்: அந்த அமைப்பின் மையம் கேமரா அல்ல, கோப்பு அலமாரி. படம் ஒருவனைக் காட்டும். அட்டைதான் அவனைப் பிடித்துக் கொடுக்கும்.

காலனியத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1857க்குப் பிறகு, 1868 தொடங்கி 1875 வரை, ஃபோர்ப்ஸ் வாட்சனும் கேயும் தொகுத்து 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியாயின. நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாதி, குலம், தொழில், குணம், சில இடங்களில் அந்தச் சாதி அரசுக்கு விசுவாசமானதா என்பது வரை. படத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலும் சொந்தப் பெயர் கிடையாது. கொளு அவரைப் பற்றிப் பேசுகிறது, அவரோடு பேசவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு மரபு உண்டு. 1914இல் கோடக் கம்பெனி ஆட்டோகிராஃபிக் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. அதன் முதுகில் ஒரு சிறு கதவு. திறந்து, உலோகக் குச்சியால் ஃபிலிமின் ஓரத்தில் தேதியோ இடமோ எழுதி, கொஞ்சநேரம் வெளிச்சம் படவிட்டு மூடினால், எழுத்து நெகட்டிவிலேயே பதிந்துவிடும். 1930களில் அது வழக்கொழிந்தது. நம் வீடுகளில் ஸ்டூடியோ படத்தின் பின்பக்கம் 'தங்கச்சி வளைகாப்பு' என்று பேனாவால் எழுதுகிறோமே, அதே காரியம்தான். இங்கே எழுதுகிறவன் எழுதுவதை அறிவான். வேண்டாமென்றால் எழுதாமல் விடுவான். இந்த 'எழுதாமல் விடும்' உரிமைதான் பின்னால் காணாமல் போனது.

4

அது எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பத்திரிகை. செய்தி நிறுவனங்கள் படத்தைக் கம்பி வழியாக அனுப்பும்போது, எடுத்தவர் யார், எந்த ஊர், என்ன சம்பவம் என்பதையும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். 1965இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பத்திரிகைத் தொலைத்தொடர்புக் குழு 1991இல் இதற்கொரு பொது வடிவத்தை வகுத்தது. அதன் குறிப்புப் பட்டியல் பிறகு படக் கோப்புக்குள்ளேயே குடியேறியது. இதில் எழுதுகிறவர் மனிதர்தான், நிருபரோ உதவி ஆசிரியரோ.

1995 அக்டோபரில் ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் எக்சிஃப் என்ற வடிவத்தை வெளியிட்டது. இதில் எழுதுகிறவர் மனிதர் அல்ல, கேமரா. நாம் பொத்தானை அழுத்துகிறோம். அது ஒளியைப் பதிவு செய்வதோடு, கோப்பின் தொடக்கத்திலேயே தனக்கென்று ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறது: தயாரித்த கம்பெனி, மாடல், எடுத்த தேதி, மணி, நிமிடம், நொடி, லென்ஸின் குவிய தூரம், வெளிச்சம் எவ்வளவு நேரம் விடப்பட்டது, ஃபிளாஷ் எரிந்ததா. சில கேமராக்கள் தங்கள் வரிசை எண்ணையும் எழுதும். ஜேபெக் கோப்பில் இதற்கு அதிகபட்சம் 64 கிலோபைட் இடம். அதற்குள் படத்தின் ஒரு சின்ன நகலும் இருக்கும், வழக்கமாக 160க்கு 120 புள்ளி அளவில். பெரிய படத்தை வெட்டிச் சீர் செய்துவிட்டு இந்தச் சின்ன நகலை மறந்தவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் தன் முகம்வரை வெட்டி வெளியிட்ட படங்களின் உள்ளே, வெட்டாத நகல் அப்படியே உட்கார்ந்திருந்தது. வெட்டப்பட்டது பிரதிதான். பிரதியின் ஞாபகம் வெட்டப்படவில்லை.

அதே 1995இல்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அமைப்பு முழுமையாகச் செயல்படத் தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது. 1998இல் வந்த எக்சிஃப் 2.1இல் அட்சரேகை, தீர்க்கரேகைக்கென்று கட்டங்கள் இருந்தன. அன்றைய சாதாரணக் கேமராவில் அவற்றை நிரப்பும் வழியில்லை. கட்டங்கள் காலியாகக் காத்திருந்தன. ராணுவமல்லாதவர்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த ஜிபிஎஸ் துல்லியத்தை அமெரிக்கா 2000 மே மாதம் திறந்துவிட்டது. 2008இல் ஐஃபோன் 3ஜி வந்தது. அதற்குப் பிறகு தெருவில் போகிறவர் கையிலெல்லாம் அந்தக் கட்டங்கள் தாமாக நிரம்ப ஆரம்பித்தன. ராணுவ அளவீடு குடும்பப் படத்துக்குள் நுழைந்த பாதை இது. யாரும் சதி செய்யவில்லை. ஒரு சங்கம் படிவம் அச்சடித்தது, ஓர் அரசு துல்லியத்தைத் திறந்தது, ஒரு கம்பெனி இரண்டையும் செல்போனில் சேர்த்தது. அதிகாரம் பல சமயம் இப்படித்தான் வேலை செய்கிறது, காலிக் கட்டங்களை முன்கூட்டியே போட்டு வைத்து.

5

கொளு காட்டிக்கொடுத்த கதைகள் நிறைய. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

2006 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட், கம்ப்யூட்டர்களைக் களவாடும் ஓர் இளைஞனைப் பெயர் சொல்லாமல் பேட்டி கண்டு வெளியிட்டது. முகம் தெரியாதபடி படம். ஆனால் படக் கோப்பின் குறிப்பில் ஓக்லஹோமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் இருந்தது. வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். இது செயற்கைக்கோள் செய்த வேலை அல்ல. பத்திரிகையின் சொந்த ஒழுங்கே பத்திரிகையின் வாக்குறுதியை உடைத்தது.

2007இல் ஈராக்கில் ஒரு தளத்தில் புதிதாக வந்திறங்கிய ஹெலிகாப்டர்களைப் படையினர் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். படங்களில் இருந்த இடக்குறிப்பைக் கொண்டு எதிர்த்தரப்பு மோட்டார் தாக்குதல் நடத்தி நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்தது என்று அமெரிக்க ராணுவமே 2012இல் தன் சிப்பாய்களுக்கு எச்சரிக்கையாக எழுதியது.

2012 டிசம்பரில் மென்பொருள் கோடீஸ்வரர் ஜான் மெக்காஃபி பெலிஸ் நாட்டுப் போலீஸிடமிருந்து தலைமறைவாக இருந்தார். கூடவே சுற்றிய வைஸ் பத்திரிகை அவரோடு எடுத்த படத்தைப் பெருமையாக வெளியிட்டது. படத்துக்குள் ஜிபிஎஸ் எண்கள். குவாதமாலா என்று தெரிந்தது. சில நாட்களில் அங்கே கைதானார். கணினிப் பாதுகாப்பை விற்றுப் பணக்காரரானவருக்கே இந்தக் கதி.

மூன்றிலும் மாட்டியவர்கள் எளியவர்கள் அல்ல என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்க வேண்டியதில்லை. அதே எழுத்து, நிலத்துக்காகப் போராடும் கிராமத்தில் ரகசியக் கூட்டம் நடந்த வீட்டையும் எழுதும். எழுதும் எந்திரத்துக்கு வர்க்கம் கிடையாது. வாசிக்கும் இடத்துக்கு உண்டு.

6

இங்கே ஒரு தலைகீழ்ப் பாடம் இருக்கிறது. நாம் பொதுவாகக் கண்காணிப்பு என்றதும் பூக்கோவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். பெர்த்தியோன் அட்டைக்கு அது பொருந்தும். ஆனால் 2009 முள்ளிவாய்க்கால் படங்கள் வேறு மாதிரி. அவற்றில் பலவற்றை வெற்றிக் களிப்பில் எடுத்தவர்கள் படையினரே என்பது ஆவணப்படக்காரர்களின் வாதம். அப்படியானால், அந்தக் கேமரா எழுதிய கொளு வென்றவனின் கையில், அவன் அறியாமல், அவனுக்கு எதிராக எழுதப்பட்ட சாட்சியம்.

ஆனால் சாட்சியம் என்று நாம் உடனே கொண்டாடிவிட முடியாது. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4, கண்கள் கட்டப்பட்ட நிர்வாணக் கைதிகள் சுடப்படும் காட்சியை ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல், துப்பாக்கி, வீடியோ நிபுணர்கள் மூவரிடம் கொடுத்தார். 2010 ஜனவரியில் வெளிவந்த முடிவு, காட்சி உண்மையானது என்பதையே வலுவாகச் சுட்டியது. ஆனால் விளக்க முடியாத சில அம்சங்களையும் அந்த அறிக்கை மறைக்காமல் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று, கோப்புக்குள் இருந்த தேதி: 2009 ஜூலை 17. போர் முடிந்ததோ மே மாதம்.

கொளுவே உண்மை என்று சத்தியம் செய்தவன் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான். இந்தத் தேதி எதைக் குறிக்கும்? சம்பவம் நடந்த நாளாக இருக்கலாம். கோப்பு வேறு கருவிக்கு மாற்றப்பட்ட நாளாகவும் இருக்கலாம். செல்போனின் கடிகாரமே தப்பாக ஓடியிருக்கலாம். எக்சிஃபின் தேதிக் கட்டம்கூட நெடுங்காலம் எந்த நாட்டு நேரம் என்று சொல்லத் தெரியாத ஊமை. நேர மண்டலத்தைக் குறிக்கும் கட்டம் 2016இல்தான் சேர்க்கப்பட்டது. தவிர, கொளுவைத் திருத்துவது சுலபம். 2003 முதல் எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வாசிக்கவும் அதுவே, மாற்றி எழுதவும் அதுவே. ஆகவே நிபுணர்கள் தேதியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. துப்பாக்கி பின்னுதைக்கும் விதம், இரத்தம், உடல்கள் விழும் விதம், ஒலி என்று பிரதி முழுவதையும் வாசித்தார்கள். 2011இல் கிறிஸ்டாஃப் ஹெய்ன்ஸ் நீளமான இன்னொரு வடிவத்தை ஆராய்ந்து உண்மையானதே என்றார். பாட்டை விட்டுவிட்டுக் கொளுவை மட்டும் வாசிக்கிறவனுக்கும், கொளுவே வேண்டாம் என்கிறவனுக்கும் இதில் பாடம் உண்டு.

நண்பனின் கேள்விக்கு இன்னொரு பாதி விடையும் இருக்கிறது. கேமரா எழுதுவது போக, எழுதாமல் இருக்க முடியாததும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேமராவின் உணரியிலும் தயாரிப்பிலேயே நுண்ணிய குறைகள் இருக்கும். அவை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இரைச்சலாகப் பதியும். இதைக் கைரேகை போலப் பயன்படுத்தலாம் என்று 2006இல் அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொளுவைச் சுரண்டி எடுத்தாலும் இது போகாது. செம்புலப்பெயனீரார் சங்கதிதான்: பெயர் தொலைந்தாலும் பாட்டுக்குள் ஒரு அடையாளம் கிடக்கும்.

7

சரி, இப்போது கொளு யாரிடம் இருக்கிறது? ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் வழக்கமான முறையில் அனுப்பிய படத்தைத் தரவிறக்கிப் பார்த்தால் எக்சிஃப் பெரும்பாலும் இருக்காது. துடைத்திருப்பார்கள். "நல்லதுதானே" என்று தோன்றும். காட்டிக்கொடுக்கப்படாமல் இருக்க நல்லதுதான். ஆனால் முதலில் பதிவேற்றும்போது கம்பெனி எதைப் பார்த்தது, எதை வைத்துக்கொண்டது என்பது நமக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, கொலைக்களத்திலிருந்து வந்த படமும் இதே வழியில்தான் வருகிறது. பத்துக் கை மாறி நம்மிடம் வரும்போது அது பெற்றோரற்ற படம். "இது சிரியா படம், இது பழசு" என்று எவனும் சொல்லலாம். மறுக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டு 2015இல் சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 'ஐவிட்னஸ்' என்ற செயலியை வெளியிட்டது. அது இடம், நேரம் முதலிய கொளுவைப் படத்தோடு பூட்டி, பிறர் தொடாத இடத்தில் சேர்த்து வைக்கிறது. 2018இல் காங்கோவின் தென் கிவு பகுதி ராணுவ நீதிமன்றம் ஆயுதக்குழுத் தளபதிகள் இருவரை மானுட விரோதக் குற்றங்களுக்காகத் தண்டித்தபோது, அச்செயலியில் எடுத்த படங்கள் சாட்சியங்களில் ஒன்றாக இருந்தன.

அதே தொழில்நுட்பம் நம் ஊரில் வேறு முகத்தோடு வந்தது. நூறுநாள் வேலைத் திட்டத்தில், வேலைக்கு வந்தவர்களை நாளுக்கு இருமுறை இடக்குறிப்போடும் நேரக்குறிப்போடும் படமெடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறாததால் வருகையும் கூலியும் போகிறது என்று தொழிலாளர்கள் அவ்வாண்டு டெல்லியில் தொடர்ந்து போராடினார்கள். என் சித்தி ஒருநாள் கேட்டாள்: "ஏம்ப்பா, ஃபோட்டோவுல எம் மூஞ்சியப் பாக்குறாங்களா, நான் நின்ன எடத்தப் பாக்குறாங்களா?" செகுலா பல பக்கங்களில் எழுதியதை அவள் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டாள். காங்கோவில் கொளு தளபதியைக் கணக்குக் கேட்டது. இங்கே மண்வெட்டி பிடித்தவளைக் கணக்குக் கேட்டது. கட்டங்கள் ஒன்றுதான்.

8

எழுத்தாளர்களும் களத்தில் நிற்பவர்களும் படிக்கும் பத்திரிகை என்பதால், கோட்பாட்டோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. உயிரோடு இருப்பவரின் படத்தை வெளியே விடும்போது கொளுவைத் துடைத்த நகலை விடுங்கள். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் துடைக்காதீர்கள், திறந்து சேமிக்காதீர்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். வாட்ஸப்பில் மூலத்தை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் படமாக அல்ல, ஆவணமாக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கிடைத்த அன்றே அதைக் கணக்கிட்டு எழுதி வைப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமிருந்து, எந்த நாள், எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். கோடக்கின் அந்தச் சிறு கதவை நாமே திறந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரைக்காக 2013 உண்ணாவிரதத்தின்போது நான் எடுத்த படங்களைத் தேடினேன். பழைய செல்போனின் மெமரி கார்டில் பதினோரு படங்கள் மிஞ்சியிருந்தன. கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 2008 ஜனவரி 1. பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் தேதி வைக்க எனக்குத் தோன்றியிருக்காது. கொளுவை நம்பினால், அந்தப் போர் முடிவதற்கு ஓராண்டுக்கு மேலேயே அந்தப் பிள்ளைக்காக நாங்கள் பட்டினி கிடந்திருக்கிறோம். படத்தில் அவன் அட்டையில் இருக்கிறான், நண்பன் அட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்க்கிறான்.

திருத்தவில்லை. மூலத்தை அப்படியே வைத்துவிட்டு, நோட்டில் எழுதினேன்: '2013 மார்ச். தேதி கேமராவின் பிழை.' அன்று பந்தலில் இருந்த மூன்று பேரை வரவழைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். கேள்வி கேட்ட நண்பன்தான் முதல் கையெழுத்து.